தானே நிலைக்கு வரும் தேர்



ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் தேரின் போக்கைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள் அல்லர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு கூடவே வரும் சிலர்தாம் தேரை இப்புறமும் அப்புறமும் திருப்புகிறார்கள். எந்த நேரத்தில், எவ்வளவு சாய்வாகக் கட்டையைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. வீதிகளைச் சுற்றிவந்த தேர் தன் நிலையில் வந்து நின்ற பிறகுதான் எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது ஒரு கேள்வி. அந்தத் தேர் ஒரு மணல் துகள் அளவுக்குச் சிறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரியாக அதன் நிலையில் கொண்டுபோய் நிறுத்துவது எளிதா, கடினமா?

"இதென்ன கேள்வி? வாயால் ஊதினாலே நகர்ந்துவிடுமே!" என்பீர்கள். நகரும், உண்மைதான். ஆனால் நிலைக்கு வருமா? அங்கேதான் சிக்கல். இந்தச் சிக்கலை உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் எப்படித் தீர்க்கின்றன என்பதையும், அதற்கும் இராஜபாளையம் வட்டாரத்துக்கும் என்ன தொடர்பு என்பதையும், அதனால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

288 நாள் வேலை

தொலைக்காட்சித் திரையில் இப்போது ஒரு புது வகை வளர்ந்து வருகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நுண்விளக்குகள். ஒவ்வொன்றும் 100 மைக்ரானுக்கும் குறைந்த அளவுடையது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அகலவாட்டில் 3,840 புள்ளிகளும் உயரவாட்டில் 2,160 புள்ளிகளும் உள்ள திரைக்கு எத்தனை விளக்குகள் தேவை? பெருக்கிப் பாருங்கள். 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! நொடிக்கு ஒன்றாக, உண்ணாமல் உறங்காமல் பொருத்தினாலும் ஒரே ஒரு திரைக்கு 288 நாட்கள் ஆகும்.

வேகமாகப் பொருத்தும் எந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் வேகம் கூடினால் துல்லியம் குறைகிறது. துல்லியம் கூடினால் வேகம் குறைகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. மிகச் சிறிய உறுப்பை இடுக்கியால் எடுத்துவிடலாம். கீழே வைக்க முடியாது. அது இடுக்கியிலேயே ஒட்டிக்கொள்ளும்! ஈரமான விரலில் ஒரு கடுகை எடுத்து, உதறிக் கீழே விட்டுப் பாருங்கள், எளிதில் விழாது. சிறியவற்றின் உலகத்தில் எடை தோற்றுப்போகிறது. ஒட்டும் விசை வென்றுவிடுகிறது.

ஏன் அப்படி? ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அதன் விளிம்பைப் பற்றி இழுக்கும் நீரின் பரப்பு இழுவிசை பத்தில் ஒரு பங்காக மட்டுமே குறையும். ஆக, எடையோடு ஒப்பிட்டால் பரப்பு இழுவிசையின் கை 100 மடங்கு ஓங்கிவிடுகிறது. பக்கத்துக்கு 1 மி.மீ., தடிமன் 0.1 மி.மீ. உள்ள ஒரு சிலிக்கன் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரே ஒரு விளிம்பை நீர் இழுக்கும் விசை, அந்தச் சில்லின் எடையைப்போல ஏறக்குறைய 30 மடங்கு!

எதிரி இவ்வளவு பலசாலி என்றால் என்ன செய்வது? அவனை நண்பனாக்கிக்கொள்வதுதானே அறிவுடைமை! விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள்.

துளி இழுக்கும் தேர்

தரையில் சில்லின் அளவுக்கே ஒரு சதுரம் இருக்கிறது. அந்தச் சதுரத்தில் மட்டும் நீர் பரவும். அதற்கு வெளியே பரவாது. அதில் ஒரு துளி நீரை விட்டு, அதன்மேல் சில்லைச் சற்றுக் கோணலாகவே போட்டுவிடுகிறோம். என்ன நடக்கும்? கீழே சதுரத்தையும் மேலே சில்லையும் பற்றிக்கொண்ட நீர் சாய்ந்து நீள்கிறது. அதன் வெளிப்பரப்பு விரிகிறது. ஆனால் நீர் எப்போதும் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளவே முயலும். எனவே அது சில்லைப் பிடித்து இழுக்கிறது. மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் நேருக்கு நேர் வரும்போதுதான் பரப்பு மிகக் குறைவு. அங்கே சில்லு நின்றுவிடுகிறது. வடமும் இல்லை, முட்டுக்கட்டையும் இல்லை. தேர் தானே நிலைக்கு வந்துவிட்டது!

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தினர் உருகிய ஈயப் பற்றாசு உருண்டைகளால் சில்லுகளைப் பலகையில் இணைக்கும் முறையை 1969-இல் விவரித்து எழுதினார்கள். உருகிய பற்றாசு கண்டபடி பரவாமலிருக்கக் கண்ணாடியால் சின்ன வரப்பு கட்டினார்கள். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையே சில்லைச் சரியான இடத்துக்கு இழுத்தது. 2001-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஸ்ரீனிவாசன், லீப்மன், ஹோவ் ஆகியோர், நுண்ணுறுப்புகளைத் திரவத்தின் துணையால் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பிழையோடு பொருத்திக் காட்டினார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் நடந்த ஆய்வில், சென்டிமீட்டர் அளவுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள்கூட 50 மைக்ரானுக்குள் ஒழுங்காக வந்தமர்ந்தன. 2012-இல் வந்த அந்த ஆய்வு மற்றொன்றையும் கூறியது. தொடக்கத்தில் ஓர் எல்லைக்குள் அருகே கொண்டுவந்து வைத்தாக வேண்டும். அதற்கப்பால் வைத்தால் துளியால் இழுக்க முடியாது. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் இதற்காக வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: எந்திரக்கை அருகே கொண்டுவந்து போடும், மீதியைத் துளி முடிக்கும்.

வரப்பு கட்டும் ஒளி

மேலே சொன்னதில் உயிர்நாடி எது? துளியா? அன்று. துளி எங்கும் கிடைக்கும். "இங்கே பரவு, அங்கே பரவாதே" என்று அந்தத் துளிக்குக் கட்டளையிடும் பரப்புதான் உயிர்நாடி.

நீர் ஒரு பரப்பில் பரவுமா, முத்தாகத் திரளுமா என்பதை, அது பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணம் சொல்லிவிடும். இங்கிலாந்தின் தாமஸ் யங் 1805-இல் இதை விளக்கினார். தூய கண்ணாடியில் கோணம் மிகச் சிறிது, நீர் பரவுகிறது. மெழுகில் கோணம் பெரிது, நீர் திரள்கிறது. தாமரை இலையில் இன்னும் பெரிது. அந்த இலையில் மெழுகுப் பூச்சு மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் நிறைந்திருக்கின்றன. இதை ஜெர்மனியின் பார்த்லாட், நெய்ன்ஹூயிஸ் இருவரும் 1997-இல் தெளிவாக விளக்கினார்கள். பொதுவாகச் சொன்னால், கரடுமுரடு என்பது ஒரு பரப்புக்கு உள்ள குணத்தை மிகைப்படுத்தும். நீரை விரும்பும் பரப்பு இன்னும் விரும்பும். வெறுக்கும் பரப்பு இன்னும் வெறுக்கும்.

இங்கேதான் லேசர் வருகிறது. 1960-இல் அமெரிக்கரான மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்ற குமார் பட்டேல், 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கரியமில வாயு லேசரை ஆக்கினார். உலகெங்கும் துணியும் மரமும் பிளாஸ்டிக்கும் வெட்டப் பயன்படும் லேசர் அதுவே. 1985-இல் மிகக் குறுகிய லேசர் துடிப்புகளை வலிமையாக்கும் வழியை டோனா ஸ்ட்ரிக்லண்டும் அவருடைய ஆசிரியர் மூரூவும் கண்டார்கள். 2018-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள்.

அந்தக் குறுந்துடிப்பின் சிறப்பு என்ன? வெப்பம் சுற்றிலும் பரவுவதற்கு முன்பே, தொட்ட இடம் மட்டும் ஆவியாகிவிடும். பக்கத்தில் உருகலோ கருகலோ மிகக் குறைவு. நுனிச்சீவிய எழுதுகோலைவிட மெல்லிய கோடு!

பரப்பில் கோலம் போட லேசருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சதுரத்தைச் சுற்றி நுண்ணிய பள்ளம் வெட்டுவது. அதன் கூரிய விளிம்பில் நீர் நின்றுவிடும். இரண்டாவது, நீரை ஒட்டவிடாத பூச்சைப் பலகை முழுதும் பூசிவிட்டு, தேவையான சதுரத்தில் மட்டும் அதை ஆவியாக்கிவிடுவது. மூன்றாவது, உலோகத்தின் பரப்பையே நுண்மேடுகளாகக் கொத்திவிடுவது. அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் குவோ, வொரோபியேவ் இருவரும் 2015-இல் பிளாட்டினம், டைட்டானியம், பித்தளை ஆகியவற்றை இவ்வாறு கொத்தி, நீர்த்துளி பந்துபோலத் துள்ளி ஓடும்படி செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை: லேசரால் கொத்தப்பட்ட பல உலோகங்கள் முதலில் நீரை உறிஞ்சும். சில நாட்கள் காற்றில் கிடந்தபின், காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படிந்து, நீரை விரட்டத் தொடங்கும்!

சத்திரப்பட்டியில் தெரிந்த உண்மை

"இதெல்லாம் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களின் சங்கதி, நமக்கும் இதற்கும் என்ன?" என்று இராஜபாளையத்து மாணவர் ஒருவர் கேட்கலாம். அவருக்கு என் பதில்: உங்கள் ஊர்ப் பக்கம் இதே விஞ்ஞானத்தை வைத்துத்தான் பிழைக்கிறது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓயாது ஓடுகின்றன. அங்கே நெய்யப்படுவது புடவையோ வேட்டியோ அன்று; காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. தறியிலிருந்து இறங்கும் காடாத் துணியை அப்படியே காயத்தில் கட்டினால் பயன் இல்லை; அது இரத்தத்தை உறிஞ்சாது. பறித்த பருத்தியை நீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். ஏனென்றால் ஒவ்வொரு பருத்தி இழையின்மேலும் இயற்கையாக மெழுகு படிந்திருக்கிறது. எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான். ஆனால் அந்தச் சிறு மெழுகு முழு இழையின் குணத்தையும் மாற்றிவிடுகிறது! காஸ்டிக் சோடா கலந்த நீரில் துணியை வேகவைத்து அந்த மெழுகை நீக்கி, வெளுத்து எடுத்தால், அதே பருத்தி நீரைத் தாவி உறிஞ்சும். நன்கு தயாரான மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் நீரில் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி.

நூல் அதே நூல். நெசவு அதே நெசவு. மாறியது பரப்பு மட்டுமே. ஆனால் அந்த மாற்றம்தான் காடாத் துணியை மருத்துவமனைக்கு அனுப்புகிறது. பூச்சில் லேசர் செய்யும் வேலையும் இதுவே. வெளுப்பு ஆலை துணி முழுதும் மெழுகை நீக்குகிறது. லேசர் வேண்டிய சதுரத்தில் மட்டும் நீக்குகிறது. அது அளவில் உள்ள வேறுபாடு. கருத்தில் வேறுபாடு இல்லை.

என் கருத்து

இந்தியா 2021 டிசம்பரில் சில்லுத் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளைக் கட்டும் வேலை குஜராத்தின் சானந்தில் 2023-இலும், அசாமின் ஜாகிரோட்டில் 2024-இலும் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலைகளில் நம் தென்மாவட்டத்து அக்காமார்களும் அண்ணன்மார்களும் உறுப்புகளைப் பொருத்தும் வேலை பார்க்கிறார்கள். அது உழைப்பால் வரும் ஊதியம். அதை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உறுப்புகள் தாமே பொருந்திக்கொள்ளும் காலம் வந்தால், பொருத்தும் கை என்ன ஆகும்?

பொருத்தும் கைக்கு வேலை குறையும். ஆனால் பரப்பைத் தயாரிக்கும் அறிவுக்கு வேலை கூடும். தேர் தானே நிலைக்கு வருகிறது என்றால், முட்டுக்கட்டை போடுபவரின் அறிவு மறைந்துவிட்டதாகப் பொருள் அன்று. அது தரைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். எந்தக் கோடு எங்கே, எவ்வளவு ஆழம், எந்தப் பூச்சு, எவ்வளவு நீர் என்று முன்னரே எண்ணிவைத்தவர்தான் இனிமேல் தேரோட்டி. எனவே நம் மாணவர்களுக்கு நாம் பழக்க வேண்டியது பொருத்துவதை மட்டும் அன்று, பரப்பை அறிவதை.

ஆனால் பள்ளியில் பரப்பு இழுவிசை எப்படி நடக்கிறது? ஒரு வரையறை, ஒரு சூத்திரம், இரண்டு கணக்கு; பாடம் முடிந்தது! துளியைப் பார்க்காமலே துளியைப் பற்றிய தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். இது எனக்கு வருத்தம் தருகிறது.

"குறுந்துடிப்பு லேசருக்கு ஏராளமான பணம் வேண்டுமே, கிராமப் பள்ளிக்கு இது எட்டுமா?" என்பது நியாயமான மறுப்பு. எட்டாதுதான். ஆனால் லேசர் ஒரு எழுதுகோல் மட்டுமே. எதை எழுதுவது என்னும் அறிவுக்கு அவ்வளவு விலை இல்லை. அந்த அறிவு வெளுப்பு ஆலையிலும் இருக்கிறது, கல்லூரியிலும் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். ஆண்டுக்கு ஒரு நாளாவது உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் காலையில் ஒரு வெளுப்பு ஆலையையும் மாலையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தையும் கண்டுவரட்டும். காலையில் பார்த்ததும் மாலையில் பார்த்ததும் ஒரே விஞ்ஞானம் என்று அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

நீங்களே செய்யலாம்

அதுவரை காத்திருக்க வேண்டாம். உயிரியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடும், அதை மூடும் மெல்லிய சதுரக் கண்ணாடியான கவர் ஸ்லிப்பும் ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடைச் சோப்பால் கழுவி, நல்ல நீரில் அலசி, உலர்த்துங்கள். அதன் நடுவில் விரல் படக் கூடாது; விரலின் எண்ணெய்ப் பசை சோதனையைக் கெடுத்துவிடும். ஸ்லைடைச் சற்று வெயிலில் வைத்தால் மெழுகு நன்றாகப் பிடிக்கும். கவர் ஸ்லிப்பின் அளவுக்கே ஒரு சதுரம் விட்டு, சுற்றிலும் மெழுகுவர்த்தியால் அழுத்தி வரப்பு போடுங்கள். லேசர் செய்ய வேண்டிய வேலையை இங்கே மெழுகுவர்த்தி செய்கிறது!

ஸ்லைடைச் சமதளத்தில் வைத்து, சதுரத்துக்குள் மூன்று நான்கு சொட்டு நீர் விடுங்கள். அதன்மேல் கவர் ஸ்லிப்பை மெல்ல மிதக்க விடுங்கள். ஓர் ஈர்க்குச்சியால் அதை ஒரு மில்லிமீட்டர் தள்ளிவிட்டு, குச்சியை எடுத்துவிடுங்கள். திரும்பி வருகிறதா? இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால்? நீர் குறைந்தால் என்ன? கூடினால் என்ன? சற்றுத் திருகிவிட்டால் நேராகிறதா? பாதிக்குமேல் திருகினால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறதா? சதுரத்துக்கு நான்கு பக்கமும் ஒன்றுதான். எது தலை, எது கால் என்று நீருக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்க வேண்டுமானால் சதுரத்துக்குப் பதிலாக எந்த வடிவத்தை வரைவீர்கள்? இது உண்மையான பொறியாளர்கள் எதிர்கொள்ளும் கேள்வி.

கடைசியாக, ஈர்க்குச்சியின் நுனியில் துளி சோப்பு நீரைத் தொட்டு வைத்து, என்ன ஆகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தோற்ற சோதனையையும் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் லேசர் எந்திரத்தை எங்கேனும் கண்டால், தகுந்த கண்ணாடி அணியாமல் அருகே போய் உற்றுப் பார்க்காதீர்கள். அவற்றில் பலவற்றின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். விளையாட்டு லேசர் விளக்கையும் எவர் முகத்திலும் அடிக்கக் கூடாது.

மெழுகுவர்த்தியும் ஈர்க்குச்சியும் விஞ்ஞானமா என்று எவரேனும் சிரித்தால், ஆக்னெஸ் போக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் நீரின் பரப்பைக் கவனித்தார். எண்ணெய்ப் பசை படிந்தால் அதன் இழுவிசை எப்படி மாறுகிறது என்று தாமே செய்த தொட்டியில் அளந்தார். தம் முடிவுகளை 1891-இல் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பரப்பு விஞ்ஞானத்தின் அடிப்படைக் கருவிகளுள் ஒன்று அந்தச் சமையலறையில் பிறந்தது.

துளி தன் வேலையைச் செய்யத் தயாராக இருக்கிறது. ஆனால் சில்லை யாராவது அதன் அருகே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று ஐந்தோவன் ஆய்வு கூறியது நினைவிருக்கிறதா? மாணவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு ஸ்லைடு, ஒரு மெழுகுவர்த்தி, கேள்வி கேட்க ஒரு மணி நேரம் — இவ்வளவை அருகே கொண்டுவந்து வைப்பது பள்ளியின் கடமை. மீதி வழியை நீங்களே வந்துவிடுவீர்கள். நாளைக்கே உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு கவர் ஸ்லிப் கேளுங்கள்!